குதிரையும் பாரமும்

தமிழ் கற்பிப்போர் மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என வினவுவார் உளராகலாம். பெயர்களின் வரலாறு மொழியாசிரியர்க்கு உரிய பொருளேயாம். நன்னூலார் பெயர்ச்சொற்களை இடுகுறியென்றும் காரணமென்றும் வகுத்துக் காட்டினார். ஒரு காரணம் பற்றிப் பிறந்த பெயர், அக்காரணம் தேய்ந்து மறைந்த பின்னரும் பழக்கத்தால் நின்று வழங்குவதை நாம் நாள்தோறுங் காண்கின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் ஒரு பெயர் இன்று அத்தகைய நிலையை அடைந்து கொண்டிருக்கின்றது. எமது பழைய மாணவர் பலர் வட அமெரிக்காவிலே வாழ்கின்றனர். இன்றைய மாணவர் பலர் பொறியியற் கல்வியை நாடி நிற்கின்றனர். இரு சாரார்க்கும் இஃது ஏற்ற பொருளெனக் கருதியே இவ்விழா மலரில் இதனை எடுத்துக்கொண்டோம்.

அப்பெயர் ‘போனி கார்’ என்பதாகும். தமிழிலே மட்டக்குதிரைக் கார் எனலாம். 1964 ஆம் ஆண்டு ஏப்பிரல் 17 ஆந் திகதி, நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே போர்ட் கம்பனியார் ‘மஸ்ராங்’ என்னும் காரை உலகுக்குக் காட்டினர். ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றலாய், அமெரிக்க மேற்குச் சமவெளிகளிலே கட்டுக்கடங்காது திரியும் குதிரைகளுக்கு மஸ்ராங் என்பது பெயர். பாய்ந்தோடும் குதிரையொன்றே அக்காரின் முகப்பிற் சின்னமாகப் பொறிக்கப்பட்டது. அதன் வழியே வந்த கார்களின் குலம் முழுவதற்கும் மட்டக்குதிரையின் பெயர் அமைந்தது. நீண்ட முன்மூடி, குறுகிய பின்புறம், நால்வர்க்கு இடம், எளியோரும் எட்டிப்பிடிக்கத்தக்க விலை என்பன அக்குலத்தின் இலக்கணம். தொடக்க விலை 2,368 டொலர் மாத்திரமே. முதற் பன்னிரண்டு மாதங்களில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் விற்பனையாயின.

இக்குலத்தின் மூத்த பிள்ளை மஸ்ராங் அன்று என்பதையும் சொல்லுதல் முறையாகும். இரு வாரங்களுக்கு முன்னரே, பிளிமத் கம்பனியின் பரக்கூடா கடைக்கு வந்துவிட்டது. ஆயினும் மக்கள் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது மஸ்ராங்கே. அதனைக் கண்டு ஏனையோரும் விரைந்தனர். செவ்ரோலே கமாரோவும், பொன்ரியாக் பயர்பேர்ட்டும், மேர்க்குரி கூகரும் 1967 ஆம் ஆண்டு மாதிரிகளாக வெளிவந்தன. அடுத்த ஆண்டு ஜவலின் வந்தது. டொட்ஜ் சலஞ்சர் 1970 ஆம் ஆண்டு மாதிரியாகத் தோன்றிற்று.

மஸ்ராங்கின் உள்ளமைப்பிற் புதுமை அதிகமில்லை. போர்ட் கம்பனியாரின் ‘பல்கன்’ என்னும் சிக்கனக் காரின் உறுப்புக்களைக் கொண்டே அது கட்டப்பெற்றது. அக்கம்பனியின் அதிகாரியாயிருந்த லீ அயக்கோக்காவும் அவர்தம் துணைவரும் புதிய உடலொன்றைப் பழைய எலும்புகளின் மேற் போர்த்தினர். இதனால் விலை குறைந்தது. அதனினும் பெரிய நன்மை, நிறை குறைந்தது. ஆறு உருளை எஞ்சின் பூட்டிய முதல் மஸ்ராங் ஏறத்தாழ 2,450 இறாத்தல், அதாவது 1,110 கிலோகிராம் அளவினதே. அக்காலத்துப் பெரிய அமெரிக்கக் கார்களோடு ஒப்பிடின் இது குதிரைக்குட்டியே. பெயர் காரணப் பெயராய் நின்ற காலம் அது.

அந்தக் குட்டி குற்றமற்றதெனக் கூறோம். எட்டு உருளை எஞ்சினைப் பூட்டியபோது அதன் மூக்குப் பாரமாயிற்று. வளைவிலே முன்சில்லுகள் வழுக்கி வெளியே செல்ல முயன்றன. சுக்கானைப் பல முறை சுற்ற வேண்டியிருந்தது. சாதாரணக் காருக்கு நான்கு சில்லுகளிலும் பறை பிறேக்குகளே இருந்தன. நெடிய இறக்கத்திலே அவை சூடேறி வலுவிழந்தன. பின் அச்சு ஒரே தண்டாக இருந்தமையால், ஒரு சில்லு பள்ளத்தில் விழ மற்றைச் சில்லும் ஆட்டங் கண்டது. நேர் வீதியிற் பாயும். வளைவிலே தடுமாறும் என்பதே அமெரிக்கக் கார்கள் மீது ஐரோப்பியர் சொல்லிவந்த குறை. அக்குறையிலே பெரும்பகுதி நியாயமானது.

ஆயினும் இலேசான பொருளைத் திருத்துதல் எளிது. 1965 ஆம் ஆண்டிலே கரோல் ஷெல்பி என்னும் ஓட்ட வீரர் மஸ்ராங்கை எடுத்து ஜீ.ரீ. 350 என்னும் காராக மாற்றினார். முன்சில்லுகளைத் தாங்கும் கைகளின் இடத்தைத் தாழ்த்தினார். முன்னே தட்டுப் பிறேக்குகளைப் பூட்டினார். பின் ஆசனத்தைக் கழற்றினார். முதலில் வெளிவந்த கார்களிலே பற்றறியைக் கூட முன்புறத்திலிருந்து எடுத்துப் பின்பெட்டியில் வைத்தார். ஒரு சிறு ஈயப் பற்றறியின் நிறையையும் எங்கே வைப்பதென எண்ணிப் பார்த்த காலம் அது. அக்கார் அந்த ஆண்டிலேயே அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகத்தின் போட்டியிலே தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1966 இல் ‘ட்ரான்ஸ்-ஆம்’ என்னும் ஓட்டத் தொடர் தொடங்கியது. அங்கே எஞ்சினின் கொள்ளளவு ஐந்து லீற்றருக்கு மேற்படலாகாது என விதி வகுத்தனர். எஞ்சினைப் பெருக்கி வெல்ல வழியில்லாமையால் பிறேக்கையும் சில்லுத் தாங்கிகளையும் திருத்தி வெல்ல வேண்டியதாயிற்று. கமாரோ இசட் 28, மஸ்ராங் பொஸ் 302 ஆகிய இரண்டும் அவ்விதியின் குழந்தைகளே. வரம்பு விதித்தால் அறிவு வளரும் என்பதற்கு இஃது ஒரு நற்சான்று.

வரம்பு இல்லாதவிடத்து நேர்ந்தது வேறு. பெரிய எஞ்சின் வேண்டுமென்றனர். அதற்கு அகன்ற முன்புறம் வேண்டியதாயிற்று. அகலம் கூட நீளமுங் கூடியது. 1965 ஆம் ஆண்டு மஸ்ராங்கினும் 1971 ஆம் ஆண்டு மஸ்ராங் ஏறத்தாழ எட்டு அங்குலம் நீண்டதாயிற்று. பெயர் குதிரையாயிருப்ப, உருவம் எருமையாகிக் கொண்டிருந்தது. வாங்குவோர் தொகையும் குறைந்தது. போர்ட் கம்பனியார் தம் பிழையை உணர்ந்து, 1974 ஆம் ஆண்டு மாதிரியைச் சிறிய காராக அமைத்து வெளியிட்டனர். அது கடைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1973 ஒக்டோபரிலே, அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. சிறிய மஸ்ராங் அவ்வாண்டிலே ஏறத்தாழ 386,000 விற்பனையாயிற்று. அதன் எஞ்சின் வலிமையற்றது எனப் பிற்காலத்தார் இகழ்ந்தனர். இகழ்ச்சியிலே உண்மையுண்டு. ஆயினும் அச்சிறிய கார் பிறந்திராவிடின் மஸ்ராங் என்னும் பெயரே இன்று இருந்திராது என்பது எம் துணிபு.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே குறித்தல் வேண்டும். 1980 களின் நடுப்பகுதியிலே, மஸ்ராங்கை நீக்கிவிட்டு, யப்பானிய மஸ்டா கம்பனியின் அமைப்பைத் தழுவி முன்சில்லுகளால் இயங்கும் கார் ஒன்றை அதே பெயரில் வெளியிடப் போர்ட் கம்பனியார் எண்ணினர். 1987 இல் அச்செய்தி வெளிப்பட்டது. அன்பர்களின் கண்டனக் கடிதங்கள் கம்பனியின் வாயிலிற் குவிந்தன. கம்பனியார் பின்வாங்கினர். புதிய கார் ‘புறோப்’ என்னும் வேறு பெயரோடு 1989 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தது. மஸ்ராங் தன் வழியே பிழைத்துக்கொண்டது. புறோப் தன்னளவிலே தீய காரன்று. ஒரு பெயர் சுட்டும் பொருள் எதுவென முடிவு செய்யும் உரிமையிலே தமக்கும் பங்குண்டெனப் பொதுமக்கள் நிலைநாட்டியமையே அதிலுள்ள பாடம். மொழிக்குரியோர் மக்களே என்பது போலப் பெயருக்குரியோரும் வழங்குவோரே.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2002 இல் நின்றுபோன கமாரோ 2010 ஆம் ஆண்டு மாதிரியாக மீண்டது. சலஞ்சர் 2008 இல் மறுபிறவி எடுத்தது. பழைய முகங்கள் திரும்பின. பழைய நிறை திரும்பவில்லை. புதிய சலஞ்சர் 4,000 இறாத்தலைக் கடந்து நின்றது. 2024 ஆம் ஆண்டு மாதிரியான எட்டு உருளை மஸ்ராங் ஏறத்தாழ 1,740 கிலோகிராம். அறுபது ஆண்டுகளிலே இக்குதிரை அரைப்பங்குக்கு மேல் பருத்துவிட்டது.

இதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை எள்ளி நகையாடுதல் தகாது. மோதலிலே பயணிகளைக் காக்கும் உருக்குக் கூடு, காற்றுப் பைகள், பக்கவாட்டுக் காப்பு, குளிரூட்டி, அகன்ற ரயர், பெரிய பிறேக் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நன்மைக்காக வந்தது. 1960 களின் கார்களிலே மக்கள் இறந்தவாறு இன்று இறத்தலை எவரும் விரும்பார். தனித்தனியே நோக்கின் எதுவும் மிகையன்று. சேர்த்து நோக்கின் மிகை. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சை எடுத்துக்காட்டியது இவ்வுண்மையை உணர்த்தவே. இறகு இலேசானது என்னும் எண்ணமே அச்சுக்குப் பகையாயிற்று.

நிறை கூடிய போதிலும் கார்களின் ஓட்டத்திறம் குன்றவில்லை என்பார் உளர். அவர் கூற்றையும் மதிக்கின்றோம். 2015 ஆம் ஆண்டு மஸ்ராங்கிலே ஒரே தண்டான பின் அச்சு பொதுவாக நீக்கப்பட்டு, ஒவ்வொரு பின்சில்லும் தனித்தனி அசையும் அமைப்பு வந்தது. அவ்வாண்டு தொடக்கமே, எம் நாட்டைப் போல வீதியின் இடப்புறம் செல்லும் நாடுகளுக்கேற்ப வலப்புறச் சுக்கானுடன் அது தொழிற்சாலையிலிருந்தே வெளிவரலாயிற்று. 2016 ஆம் ஆண்டு கமாரோ இன்னும் ஒரு படி மேற்சென்றது. தன் முன்னையதினும் 200 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையைக் குறைத்துக்கொண்டது. வளைவுகளிலே ஐரோப்பியக் கார்களோடு தோளுக்குத் தோள் நிற்கவல்லது எனப் பத்திரிகையாளர் அதனைப் போற்றினர். அமெரிக்கக் கார் வளைவறியாது என்னும் பழிச்சொல் அத்தோடு ஒழிந்தது.

எனினும் அக்கமாரோவின் முடிவு எம் கருத்துக்கு எதிர்ச்சான்றாக நிற்பதை மறைத்தல் நேர்மையாகாது. வளைவிலே வல்லதும் இலேசானதுமான அதுவே விற்பனையிலே பின்தங்கியது. 2024 ஆம் ஆண்டு மாதிரியோடு அதன் உற்பத்தி முடிவடைந்தது. பருத்த சலஞ்சரோ மக்கள் விருப்புக்குரியதாய் இறுதிவரை நின்றது. நிறை குறைந்தால் வெற்றி நிச்சயமென்னும் எளிய சூத்திரம் இங்கே செல்லாது. கமாரோவின் பலகணிகள் குறுகியவை. வெளியே பார்த்தல் கடினம். பின் ஆசனம் பெயரளவினது. நிறையைக் குறைக்கச் சென்றவர் பயன்பாட்டையுங் குறைத்துவிட்டனர். முதல் மஸ்ராங்கோ இலேசாகவும் இருந்தது. வீட்டுத் தலைவி கடைக்குக் கொண்டு செல்லத்தக்கதாகவும் இருந்தது. இரண்டையுஞ் சேர்த்துப் பெறுதலே அக்குலத்தின் மரபு.

சலஞ்சரின் கதையும் 2023 டிசெம்பரிலே முடிந்தது. அது கட்டப்பெற்ற தொழிற்சாலை கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, ரொறன்ரோவை அடுத்த பிராம்ரன் நகரில் உள்ளது. எம்மவர் பெருந்தொகையாக வாழும் அப்பகுதியிலே ஒரு குதிரையின் இலாயம் வெறுமையாயிற்று. கமாரோவும் சலஞ்சரும் மறைய, பழைய வகையிலே எட்டு உருளைகளோடு தனித்து நின்றது மஸ்ராங் ஒன்றே.

இவ்விடத்திலேதான் மின்சாரக் கார் மேடையேறுகின்றது. போர்ட் கம்பனியார் 2019 நவம்பரிலே ‘மஸ்ராங் மாக்-ஈ’ என்னும் மின்சாரக் காரை வெளியிட்டனர். அது நான்கு கதவுகளும் உயர்ந்த உடலுங் கொண்ட குடும்ப வண்டி. ஏறத்தாழ 2,000 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறையுள்ளது. 1987 இல் நிகழாதது இம்முறை நிகழ்ந்தது. பெயர் வேறொரு பொருளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவிலே 2024 ஆம் ஆண்டில் உண்மை மஸ்ராங்கினும் மாக்-ஈ கூடுதலாக விற்பனையாயிற்று. அதனை வாங்கியோரைக் குறை கூறோம். நல்ல வண்டியாயின் நல்ல பெயரொன்றைத் தானே தேடிக்கொள்ளும். பிறர் பெயரை இரவல் வாங்க வேண்டியதில்லை.

சலஞ்சரின் இடத்தை நிரப்ப வந்த மின்சார வண்டி, டொட்ஜ் சார்ஜர் டேற்றோனா. 2024 ஆம் ஆண்டின் இறுதியிலே விற்பனைக்கு வந்த அதன் உயர்தர வகை 670 பரிவலு உடையது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 3.3 செக்கனில் எட்டும் எனக் கம்பனியார் கூறினர். அதன் நிறை 5,838 இறாத்தல். ஏறத்தாழ 2,650 கிலோகிராம். முதல் மஸ்ராங்குகள் இரண்டை ஒருங்கே நிறுத்தினும் இதன் நிறைக்கு ஈடாகா. எஞ்சின் ஓசை இல்லாக் குறையைத் தீர்க்கும் பொருட்டு, செயற்கை ஓசை எழுப்பும் கருவியொன்றையும் அதிலே பொருத்தினர். குதிரை கனைப்பதில்லையென்று கண்டு, கனைப்பொலியை இசைத்தட்டிலே பதித்து வண்டியிற் பூட்டுதலை ஒக்கும் இது.

மின்சாரக் கார்கள் இவ்வாறு பருத்தல் ஏன்? பற்றறியே காரணம். ஒரு கிலோகிராம் பெற்றோலிலே ஏறத்தாழ 12,000 வாற்று மணித்தியாலச் சத்தி அடங்கியுள்ளது. இன்றைய கார்ப் பற்றறிப் பெட்டகம் ஒரு கிலோகிராமுக்கு 150 முதல் 180 வரையான வாற்று மணித்தியாலமே கொள்கின்றது. எஞ்சின் அச்சத்தியிலே பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவதும், மின்மோட்டார் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்துவதும் உண்மை. அதனையுங் கணக்கிற் கொண்டாலும் பெற்றோலுக்கு இருபது மடங்கு வரையான நன்மை எஞ்சுகின்றது. டேற்றோனாவின் பற்றறி 100 கிலோவாற்று மணித்தியாலத்தது. மேற்சொன்ன கணக்கின்படி அதற்கே ஏறத்தாழ 550 முதல் 670 கிலோகிராம் வரை வேண்டும். மஸ்ராங் ஒன்றின் பெற்றோல் தாங்கி நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 45 கிலோகிராம் எரிபொருளே இருக்கும். ஓட ஓட அதுவும் குறைந்து வண்டி இலேசாகும். பற்றறியோ நிறைந்தாலும் வறிதானாலும் ஒரே பாரம்.

பாரத்தால் வரும் கேடு யாது என மாணவர் வினவுவர். எம் ஊர்த் தேரை நினைத்துப் பார்க்க. வடம் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கில் இருந்தும் அது புறப்படத் தயங்குகின்றது. புறப்பட்டபின் நிற்கத் தயங்குகின்றது. வீதி மூலையிலே கட்டையிட்டும் நெம்பியும் திருப்ப வேண்டியிருக்கின்றது. இம்மூன்றும் சடத்துவத்தின் செயல்களே. மின்மோட்டார் மிக்க வலிமையுடையதாகலின் முதலாவது தடையை எளிதில் வெல்கின்றது. ஆகவேதான் டேற்றோனா நேர்வீதியிலே அம்பெனப் பாய்கின்றது. ஏனைய இரண்டையும் வலிமையால் வெல்ல முடியாது. ஒரே வேகத்திலே இரு மடங்கு திணிவுள்ள வண்டிக்கு இரு மடங்கு இயக்கச் சத்தி உண்டு. அதனை நிறுத்த அவ்வளவு சத்தியையும் எங்கேனும் செலுத்தியாக வேண்டும். மோட்டாரே பிறேக்காகி அதிலே ஒரு பகுதியைப் பற்றறிக்குத் திருப்புதல் மின்சாரத்தின் பெருஞ்சிறப்பு. ஆனால் இறுதியிலே வீதியைப் பற்றி நிற்பது உள்ளங்கையளவான நான்கு இறப்பர்த் துண்டுகளே. ரயரின் மேல் பாரம் இரு மடங்கானால் அதன் பிடிப்பு இரு மடங்காவதில்லை. அதனினுங் குறைவாகவே கூடுகின்றது. வளைவிலே வண்டியைத் திருப்ப வேண்டிய விசையோ திணிவுக்கு நேர்விகிதமாகக் கூடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை எந்தப் பரிவலுவாலும் நிரப்ப இயலாது. ரயரும் விரைவில் தேயும்.

மின்சாரக் காரின் பற்றறி தரையோடு தாழ்ந்து கிடப்பதால் புவியீர்ப்பு மையம் தாழ்கின்றது என்பர். மெய்யே. வளைவிலே வண்டி சாய்தல் குறைகின்றது. மூக்குப் பாரம் என்னும் பழைய குறையும் நீங்குகின்றது. முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார்கள் இருப்பின், கண்ணிமைப்பதற்குள் எந்தச் சில்லுக்கு எவ்வளவு வலு என்பதை மாற்றிக்கொள்ளலாம். ஷெல்பி இவற்றைக் கனவிலுங் கண்டிரார். ஆயினும் தேரின் உயரத்தைக் குறைத்தால் அது சரியாதே தவிர, திருப்புதல் எளிதாகிவிடாது. தாழ்ந்த பாரமும் பாரமே.

இவ்விடயத்திலே இரு கட்சிகள் உரத்த குரலில் வாதிடுகின்றன. ஒரு கட்சியார், மின்சாரம் வந்தால் மட்டக்குதிரைக் குலம் அழியும். எட்டு உருளைகளின் முழக்கமே அதன் உயிர் என்பர். மற்றைக் கட்சியார், முழக்கம் பழமைவாதம். மின்சாரக் கார் எந்தக் குதிரையையும் விரைவில் வெல்லும். ஆகவே வழக்கு முடிந்தது என்பர். இரு சாராரும் அளவுகோலைத் தவறாகப் பிடித்துள்ளனர் என்பது எம் கருத்து. முதல் மஸ்ராங்குகளிற் பல ஆறு உருளைகளோடு அடக்கமாக ஓடியவையே. அவை மட்டக்குதிரைகள் அல்லவென்று எவருஞ் சொன்னதில்லை. ஆகவே ஓசை உயிராகாது. நேர்வீதி வேகமும் உயிராகாது. அஃது உயிராயின் இருப்புப் பாதையிலோடும் விரைவு வண்டியும் குதிரையேயாம். ஓட்டுபவன் சுக்கானைத் திருப்புகையிலே அவன் எண்ணத்தை உடனே கேட்டு நடக்கும் இலேசான உடலும், உழைப்பாளி வாங்கத்தக்க விலையுமே இக்குலத்தின் உயிர். அவ்வுயிர் பெற்றோலோடும் வாழும், மின்சாரத்தோடும் வாழும், இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட நிறையோடு வாழாது.

இலேசான மின்சாரக் கார் ஆகாத காரியமன்று. 2008 இல் வெளிவந்த முதல் ரெஸ்லா றோட்ஸ்ரர் 53 கிலோவாற்று மணித்தியாலப் பற்றறியோடு ஏறத்தாழ 1,300 கிலோகிராமே இருந்தது. அஃது இருவர்க்குரிய சிறிய கார், விலையும் மிகுதி. எனினும் வழி உண்டென்பதற்கு அது சாட்சி. அன்றிலிருந்து பற்றறித் தொழில் பெரிதும் முன்னேறியுள்ளது. முன்னேற்றத்தின் பலனை நிறைக் குறைப்புக்குச் செலவிடாது, மேலும் பெரிய பற்றறிக்கும் மேலும் பெரிய பரிவலுவுக்குமே கம்பனியார் செலவிட்டனர். 1960 களின் இறுதியிலே எஞ்சினைப் பெருக்கிக் குதிரையை எருமையாக்கிய அதே பிழை, இம்முறை பற்றறியின் வடிவிலே திரும்பியுள்ளது.

வாங்குவோரும் இதனை உணராமலில்லை. மின்சார டேற்றோனாவின் விற்பனை எதிர்பார்த்தவாறு அமையவில்லை. 2025 இலே டொட்ஜ் கம்பனியார் அதே உடலிலே ஆறு உருளைப் பெற்றோல் எஞ்சினைப் பூட்டிய காரையும் வெளியிட்டனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 30 ஆந் திகதியோடு, மின்சாரக் கார் வாங்குவோர்க்கு அமெரிக்க அரசு அளித்துவந்த 7,500 டொலர் வரிச் சலுகையும் முடிந்தது. மின்சாரத்தின் எதிர்காலம் இருண்டுவிட்டதென இதனால் முடிவு கட்டுவோர் அவசரப்படுகின்றனர். சலுகையால் நின்ற பொருள் சலுகையோடு சாயும். தகுதியால் நிற்பது நிற்கும். கம்பனியார்க்குத் தகுதியைத் தேடுங் காலம் இப்பொழுதே வந்துள்ளது.

ஆதலின் எமது கருத்தைச் சுருக்கிக் கூறுவோம். மின்சார மட்டக்குதிரை வரட்டும்; ஆனால் ட்ரான்ஸ்-ஆம் ஓட்டத்துக்கு எஞ்சின் வரம்பு வகுத்தாற்போல அதற்கு நிறை வரம்பொன்றை அமைப்பாளரே தமக்கு விதித்துக்கொள்ளட்டும். நெடுந்தூரப் பயணத்துக்கெனப் பெரும் பற்றறியைச் சுமத்தாது, நாளாந்த ஓட்டத்துக்குப் போதிய 50 அல்லது 60 கிலோவாற்று மணித்தியாலப் பற்றறியோடு அமையட்டும். தூரம் வேண்டுவோர்க்கு வேறு வண்டிகள் உள. இரண்டு கதவும் நான்கு ஆசனமும் வெளியே காணத்தக்க பலகணியும் இருக்கட்டும். போலிக் கனைப்பு வேண்டா. மோட்டார் தன் இயல்பான ஒலியோடு செல்லட்டும். இவ்விலக்கணத்துக்கு அமையாத வண்டியைச் செய்தலும் தகும்; விற்றலும் தகும்; குதிரையின் பெயரை அதற்கு இடுதல் தகாது.

வட அமெரிக்காவிலே வாழும் எம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். 1987 இலே கடிதம் எழுதியோர் ஒரு பெயரைக் காத்தனர். நீவிரும் அந்நாட்டுக் கடைகளிலே பணங் கொடுத்து வாங்குவோர். நும் சொல்லுக்கும் மதிப்புண்டு. கார் வாங்கச் செல்லுங்கால், பரிவலு எவ்வளவு என வினவுமுன் நிறை எவ்வளவு என வினவுக. வாங்குவோர் வினவாததை விற்போர் எண்ணிப் பாரார்.

எம் கல்லூரி விஞ்ஞான கூடத்திலே இன்று பயிலும் மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். வலுவைக் கூட்டுதல் பணத்தால் முடியும்; பாரத்தைக் குறைத்தல் அறிவால் மாத்திரமே முடியும். பற்றறியின் இரசாயனமும், இலேசான உலோகமும், உறுதி குன்றாது உருக்கை மெலிதாக்கும் கணிதமும் இனி வருங் காலத்தின் பெருந்துறைகள். திண்மப் பற்றறிகளைப் பற்றிய ஆய்வுகள் பல நாடுகளிலே நடைபெற்று வருகின்றன. அத்துறைகளிலே உழைப்போருள் எம் கல்லூரிப் பிள்ளைகளும் இடம்பெறல் வேண்டும். நும் கணக்குக் கொப்பியிலே ஒரு கிலோகிராம் குறையுமாயின், எங்கோ ஒரு வீதி வளைவிலே ஒரு வண்டி பிழையாது திரும்பும். ஓர் உயிர் வீடு சேரும்.